மூடியைத் திறப்பதற்கு முன்

எங்கள் மோட்டார் வேகப் பந்தயச் சங்கத்தில் இந்த வருடம் எரிபொருள் பரிசோதனைக்கு நம்மவர் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம். அந்தப் பரிசோதனைக் கூடாரத்துக்குள் தமிழில் தும்மினால்கூட "நூறு வயசு" என்று சொல்ல ஆளில்லாமல் பத்து வருடம் நின்றவன் நான்.

பெற்றோலின் தரம் பார்க்கும் மீற்றரைப் பிடிப்பது எப்படி, வண்டியின் தாங்கியிலிருந்து மாதிரி எடுப்பது எப்படி, மூடிக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைப்பது எப்படி என்றெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. என்னைவிட நன்றாகச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். வகுப்பில் இல்லாத ஒன்றை, நான் பிழைவிட்டுப் படித்த ஒன்றை, எழுதி வைக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரிந்த பிள்ளை வாசித்துக் காட்டட்டும்.

ஹவுன்ஸ்லோப் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். முதலில் கல்லாவில் நின்றேன், பிறகு மனேஜர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சேறு அப்பிய வான் வண்டிகளில் வந்து, விலை கூடிய பெற்றோலைக் கான் கானாக நிரப்பிக்கொண்டு போகும் சில வெள்ளைக்காரரிடம் ஒரு நாள் வாய் கொடுத்தேன். எங்கே போகிறீர்கள், எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். அடுத்த மாதமே ஒரு பழைய விமான ஓடுபாதையின் ஓரத்தில், கையில் மீற்றரோடு நின்றுகொண்டிருந்தேன். என் வாய் என்னை இழுத்துப் போன இடங்களில் நல்ல இடம் அது ஒன்றுதான்.

இந்தப் பந்தயத்தில் ஆளோடு ஆள் ஓடுவதில்லை. ஒவ்வொருவராக நேர்கோட்டில் ஓட வேண்டும். ஓடுபாதையின் கடைசித் துண்டில் வேகம் அளக்கப்படும். வருகிறவர்கள் எல்லாரும் குழாய் திருத்துகிறவர், பல் வைத்தியர், பள்ளிக்கூட ஆசிரியை போன்ற சாதாரண ஆட்கள். எரிபொருளில் இரண்டு பிரிவு. பெற்றோல் பிரிவில், தெருவில் எவரும் வாங்கக்கூடிய பெற்றோலை மட்டும், எதுவும் கலக்காமல் ஊற்ற வேண்டும். திறந்த பிரிவில் மெதனோலோ வேறெதுவோ, விரும்பியதை ஊற்றலாம். பெற்றோல் பிரிவில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. அங்கே கிடைக்கும் வேகம் எஞ்சின் கட்டியவரின் கையும் ஓட்டுகிறவரின் நெஞ்சும் கொடுக்கிற வேகம். அதனால்தான் எனக்கு அந்தப் பிரிவில் அவ்வளவு பிரியம்.

இனி நாதனும் வசந்தியும். கிங்ஸ்பரியில் இருக்கிற கணவன் மனைவி. நாதன் பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வசந்திக்கு ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. என் ஷெட்டில் பெற்றோல் அடிக்க வந்து, கதை வளர்ந்து, சிநேகிதரானவர்கள். நாதன் ஒரு பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளை இரண்டு பெட்டி உதிரிப் பாகமாக வாங்கி, வீட்டுக் கராஜில் பதினொரு வருடம் உட்கார்ந்து உருவாக்கினார். கட்டி முடிந்தபோது அவருடைய முழங்கால் முடிந்துவிட்டது.

"நான் ஓடுறன்" என்றா வசந்தி.

ஐந்தடி உயரம், இறகு போல ஆள். தாங்கியில் நாடியை வைத்துப் படுத்தால் காற்றுக்கே அவவைக் கண்டுபிடிக்க ஏலாது. மூன்று வருடம் சிறிய ஓட்டங்கள் ஓடி லைசென்ஸ் எடுத்தா. அந்த மோட்டார் சைக்கிளின் பிரிவில் ஒரு பழைய சாதனை யாரும் அசைக்காமல் கிடந்தது. பயிற்சியில் அதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டா. அந்த ஓடுபாதையை வீடு கட்ட விற்றாயிற்று, வருகிற செப்டம்பர் ஓட்டம்தான் அங்கே கடைசி என்று செய்தி வந்தது. அவ்வளவு வழவழப்பான பாதை எங்களுக்கு வேறு கிடையாது. வசந்திக்கும் அறுபது ஆகியிருந்தது.

"சாதனைச் சேர்டிபிக்கட்டில கட்டினவர், ஓட்டினவர் எண்டு ரெண்டு பேரும் வருமாம் அண்ணை" என்றா ஒரு நாள். "கலியாண எழுத்தையும் மோட்கேஜையும் விட்டா, எங்கட ரெண்டு பேரின்ர பேரும் ஒரே பேப்பரில வேறெங்க வந்தது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அந்தத் தாளுக்குச் சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தா.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோல் பிரிவிலா திறந்த பிரிவிலா ஓடுவது என்று முடிவெடுக்க என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார்கள். வசந்தி தேத்தண்ணி போட உள்ளே போனதும் நாதன் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, மெதனோலுக்கு மாறினா என்ன?"

"வேகம் கூடும். எஞ்சினும் சூடாகாது. ஆனா ஒண்டு, அது பத்தினா பகல் வெளிச்சத்தில நெருப்புத் தெரியாது."

நட்டு முறுக்கிக்கொண்டிருந்த சாவி அவர் கையில் நின்றுவிட்டது. "தெரியாதெண்டா?"

"ஆள் எரியுறது பக்கத்தில நிக்கிறவனுக்கே தெரியாது."

"அப்ப வேண்டாம். பெற்றோல் போதும்."

வசந்தி தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டு வந்தபோது, மெதனோல் என்றால் காபரேட்டரில் எல்லாத்தையும் மாத்த வேணும், பெரிய கரைச்சல் என்று அவவுக்கு வேறு காரணம் சொன்னார். நானும் தலையாட்டினேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிள்ளைகளே. நான் வைத்திருக்கவில்லை.

றோல்ஸ் நன்றாக இருந்தது. வயிறு நிறைந்தால் எனக்கு வாய் சும்மா இராது. ஊரில் சண்டை நடந்து பெற்றோல் தடை இருந்த காலக் கதையை எடுத்தேன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும், பற்றவைக்க மட்டும் நாலு துளி பெற்றோல் விட்டதும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கற்பூரக் கட்டி ரெண்டைத் தாங்கிக்குள்ள போட்டிட்டன் எண்டா, பிறகு அதைப் பிடிக்கேலாது" என்றேன்.

நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் தாங்கிக்குள் கற்பூரம் போட்டதில்லை. யாரோ சொல்லக் கேட்டதை என் கதையாக்கிக்கொண்டேன். வசந்தி விழுந்து விழுந்து சிரித்தா. நாதன் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் வந்தது. நல்ல காலை, இலை அசையாத காற்று. அன்று கூடாரத்தில் நானும் இன்னொரு பரிசோதகரும் இருந்தோம். எங்களுக்கு மேலே தலைமைப் பரிசோதகர். என்னைவிட இருபது வயது இளைய பெண், இரசாயனம் படித்தவர். எனக்கு இந்த வேலையில் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது. பத்து மணியளவில் நாதனும் வசந்தியும் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வசந்தி தோல் உடுப்பும் ஹெல்மெற்றும் போட்டுத் தயாராக இருந்தா. என்னைப் பார்த்துக் கண்ணாடிக்குள்ளால் கண்ணடித்தா. பெற்றோல் வாங்கியது என் பழைய ஷெட்டில், ரசீது சரி. மீற்றர் முள் பச்சைக்குள் நின்றது.

முத்திரைக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு மூடிப் பக்கம் குனிந்தேன். மணத்தது.

முப்பத்திரண்டு வருடம் பெற்றோலை மோந்த மூக்கு இது. ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டுக் காய வைத்தேன். பெற்றோல் பறந்த பிறகு தட்டில் மெல்லிய வெள்ளை படிந்திருந்தது. முகர்ந்தால் சாமியறை மணம். பக்கத்தில் நின்ற பரிசோதகரும் முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஏதோ இருமல் மருந்து போல இருந்ததாம்.

"நாதன், கற்பூரம் போட்டனீரோ?" என்று தமிழில் மெல்லக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெற்றோடு நின்ற வசந்தியைப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. நான் விட்ட புளுகை நம்பி இந்த மனுசன் வேகத்துக்குப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த நிமிடம் எனக்குள் இருந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வெட்கம். அதற்கு மேல் பயம். இரண்டு தமிழர் தமிழில் கிசுகிசுக்கிறார்கள், தன் ஆளுக்குச் சலுகை காட்டப்போகிறான் என்று அந்தக் கூடாரம் நினைக்குமோ என்ற பயம். அப்படி யாரும் சொல்லவில்லை. யாருடைய முகத்திலும் அப்படி ஒன்று இருக்கவும் இல்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

படிவத்தை எடுத்தேன். உங்களுக்கும் அந்தப் படிவத்தைக் காட்டியிருப்பார்கள். எரிபொருளில் வேறு பொருள் இருந்தது என்று மட்டும் எழுதினால், தாங்கியை வெறுமையாக்கிக் கழுவி, சங்கத்தின் பீப்பாயிலிருந்து புதுப் பெற்றோல் ஊற்றி, வரிசையின் கடைசியில் போய் நிற்கலாம். அன்று அதற்கு நேரமும் இருந்தது. வேகம் கூட்டும் நோக்கத்தோடு கலந்தது என்று எழுதினால், அன்றைய ஓட்டத்திலிருந்து விலக்கு. பிறகு குழு கூடி இரண்டு வருடம்வரை தடை போடலாம். நான் இரண்டாவதை எழுதினேன்.

தலைமைப் பரிசோதகர் வாசித்தார். "நோக்கம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு நிச்சயமா?"

"நிச்சயம்" என்றேன்.

அவர் கையெழுத்து வைத்தார். வேறு எவராவது அந்தத் தாங்கியோடு வந்திருந்தால் நான் முதலாவதைத்தான் எழுதியிருப்பேன். ஒரு வெள்ளைக்காரர் பெற்றோலுக்குள் எதையோ போட்டுவிட்டு வந்தால், ஏனப்பா போட்டாய் என்று தோளில் கை வைத்துக் கேட்டிருப்பேன். நம்மவர் என்பதால் கேட்கவில்லை.

வசந்தி ஹெல்மெற்றைக் கழற்றினா. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. நடந்ததை நாதன் இரண்டு சொல்லில் சொன்னார், கற்பூரம் போட்டேன் என்று மட்டும். அவ அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. ஒரு சண்டை வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி அண்ணை. நீங்கள் உங்கட வேலையைச் செய்தனீங்கள்" என்றா.

இரண்டு பேருமாகப் பலகை சாய்த்து மோட்டார் சைக்கிளைத் தங்கள் வானுக்குள் ஏற்றினார்கள். நாதனின் முழங்காலுக்கு அந்தப் பலகை ஏற ஏலாது. வசந்திதான் தள்ளினா. நான் போய் ஒரு கை கொடுக்கவில்லை. பரிசோதகர் போட்டியாளரின் வண்டியில் கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அன்று அந்த விதி எனக்கு நல்ல வசதியாக இருந்தது. பின்னேரம்வரை காற்று எழும்பவே இல்லை. அந்த ஓடுபாதையில் கடைசியாக ஓடியவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கிங்ஸ்பரிக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வர வேண்டாம் என்று விடுவார்களோ என்ற பயம். கதவைத் திறந்தது வசந்தி.

"வாங்கோ அண்ணை. அவர் கராஜில நிக்கிறார். தேத்தண்ணி கொண்டு வாறன்."

அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி உண்டு என்பதே எனக்குத் தாங்கவில்லை. நாதன் தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"நாதன், நான் அண்டைக்குச் சொன்ன கற்பூரக் கதை பொய். சும்மா புளுகினது. அதை நம்பி நீர் இப்பிடிச் செய்து, அவவின்ர ஓட்டமும் போய், எல்லாம் என்ர வாயால வந்தது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணை, நான் முப்பது வருசம் பஸ் எஞ்சின் கழட்டினவன். கற்பூரத்தில எஞ்சின் பறக்கும் எண்டு நான் நம்புவனோ? நீங்கள் புளுகிறீங்கள் எண்டு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் போட்டனீர்?"

துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். முன்பே துடைத்த விரலையும் திரும்பத் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலுக்குப் போய் அவவின்ர பேரில அர்ச்சனை செய்தனான். வாங்கின கற்பூரத்தில ரெண்டு கட்டி மிஞ்சிப்போச்சு. அது அவவோட போகட்டும் எண்டு நினைச்சன். உடுப்புக்குள்ள வைச்சா அவ கண்டிடுவா. உங்கட கதை நினைவு வந்தது. தாங்கிக்குள்ள எண்டா கரைஞ்சிடும், ஒருத்தருக்கும் தெரியாது எண்டு..." நிறுத்திக்கொண்டார். "நூறு மைலுக்கு மேல போறா அண்ணை. எனக்கு நித்திரை வாறதில்லை."

"கூடாரத்தில இதைச் சொல்லியிருக்கலாமே!"

"அவ ஹெல்மெற்றோட நிக்கிறா. நான் பயப்பிடுறன் எண்டு காதில விழுந்தா அவவின்ர கை தளர்ந்திடும். கழுவிப்போட்டு ஓட விடுவீங்கள் எண்டு நினைச்சன்."

பகலில் தெரியாத நெருப்பு என்று நான் சொன்னதும் நின்றுபோன அந்தச் சாவி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. பெற்றோலையே அவர் தேர்ந்தெடுத்தது அவவுக்காக. நான் அதே ஆளை, அவவை வைத்துக் களவு செய்தவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன்.

கராஜ் வாசலில் தட்டோடு வசந்தி நின்றா. எவ்வளவு நேரமாக நின்றா என்று தெரியாது. தட்டை வேலை மேசையில் வைத்தா.

"பதினொரு வருசம் இதுக்குள்ள இருந்தனீங்கள். பயம் எண்டு ஒரு சொல்லு சொன்னனீங்களோ?"

"சொன்னா நீர் ஓட்டத்தை விட்டிடுவீர்."

"விடமாட்டன்" என்றா. "ஆனா நானும் பயம் எண்டு சொல்லியிருப்பன். ரெண்டு பேருமாப் பயந்திருக்கலாம்."

அவர் கன்னத்தில் இருந்த கிறீஸைத் தன் சட்டைக் கையால் துடைத்தா. நல்ல சட்டை அது, கறை போகவே போகாது. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அறுபத்தெட்டு வயதில் அடுத்தவன் கராஜில் நின்று அழுவது பெரிய அழகான காட்சியில்லை. ஆனால் அழுதேன்.

குழு கூடியபோது நானே போய் எழும்பி நின்றேன். கற்பூரக் கதையைச் சொன்னேன். அது என் பொய் என்றும் சொன்னேன். எரிபொருளில் கற்பூரம் இருந்தது உண்மை, அதை நான் மாற்றமாட்டேன், ஆனால் நோக்கம் என்று எழுதியதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, நான் அவரைக் கேட்கவே இல்லை என்றேன். அந்த வரியை வெட்டினார்கள். தடை இல்லை என்று முடிவாயிற்று. ஓடாத ஓட்டத்தை மட்டும் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஓடுபாதைக்கு அதற்குள் வேலி போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து, நான் விலகிக்கொள்கிறேன் என்று தலைமைப் பரிசோதகரிடம் சொன்னேன்.

"போகலாம்" என்றார். "ஆனால் உன் இடத்துக்கு வருகிறவர் இதே பிழையை முதலிலிருந்து விட வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை."

அவர் என்னைத் திட்டினாரா, தாங்கிப் பிடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. எவருடைய தாங்கியின் மூடியைத் திறப்பதற்கு முன்னும், இதற்குள் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பேன். அவசரப்படுத்தமாட்டேன். உள்ளே ஏதாவது இருந்தால் ஏன் என்றும் கேட்பேன், என் மொழி பேசுகிறவரானாலும் சரி, பேசாதவரானாலும் சரி. பதில் என்னவாக இருந்தாலும் கெட்ட பெற்றோலுக்கு நான் முத்திரை வைப்பதில்லை. அதில் தயவு கிடையாது. படிவத்தில் என் கண்ணும் மூக்கும் மீற்றரும் கண்டதை எழுதுவேன். மனுசன் ஏன் செய்தான் என்பதை அவன் வாயால் சொன்னால் ஒழிய எழுதமாட்டேன். நீங்களும் அப்படியே செய்தால் எனக்கு அது போதும்.

அடுத்த வசந்த காலத்தில் வேறு ஒரு ஓடுபாதை கிடைத்தது. கரடுமுரடான பாதை, எந்த நேரமும் எதிர்க்காற்று. நாதனும் வசந்தியும் வந்தார்கள். நான் கேள்வியைக் கேட்டேன்.

"தாங்கிக்குள்ள பெற்றோல்தான் அண்ணை" என்றா வசந்தி. தோல் உடுப்பின் கழுத்தை இழுத்து, உள்ளே ஊசியால் குத்தியிருந்த சின்னத் துணிமுடிச்சைக் காட்டினா. "மற்றது இஞ்ச இருக்கு."

மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் பெற்றோல் மணம். கம்பி கட்டி முத்திரை வைத்தேன். முத்திரை சற்றுக் கோணலாக விழுந்தது.

சாதனை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது கிடைக்கவில்லை, இரண்டு மைல் குறைந்துவிட்டது. அந்தச் சுவர் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நாதன் வேகம் காட்டும் பலகையைப் பார்க்கவே இல்லை. ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். சத்தம் தூரத்தில் போய் அடங்கிற்று. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். "வாறாவோ?"

பக்கப் பாதையில் ஒரு சின்ன உருவம் எங்களை நோக்கி மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம்" என்றேன். "வாறா."